பூஞ்சை நோயும் பத்தியமும்



மருந்து கைக்கு வந்ததும், “இதற்குப் பத்தியம் என்ன?” என்று கேட்பது நமது பழைய வழக்கம். ஊரை விட்டு எத்தனை தொலைவு சென்று குடியேறினாலும் இவ்வழக்கம் நம்மை விட்டு நீங்குவதில்லை. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பிரிக்குமுன் இக்கேள்வி எழுகிறது. “எதையும் தள்ள வேண்டாம், எல்லாம் உண்ணலாம்” என்று டாக்டர் கூறிவிட்டால் நமக்கு மனநிறைவு உண்டாவதில்லை. இந்த மனப்பான்மையில் நன்மையும் உண்டு, தீங்கும் உண்டு. கான்டிடா என்னும் பூஞ்சையால் வரும் நோயை முன்வைத்து அவ்விரண்டையும் எண்ணிப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

நாம் இதனைப் பேசுவது வெள்ளறடை, பாறசாலைப் பக்கத்து எல்லைக் கிராமங்களிலிருந்து. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அவ்வட்டத்துத் தமிழர், ஊரை விட்டு ஓரடியும் பெயராமலே பிற மாநிலத்துத் தமிழராயினர். ஆகவே, அயல்மொழி பேசும் டாக்டரின் முன் அமர்ந்து, வெளியே சொல்லக் கூசும் ஒரு நோயைச் சொல்லத் தடுமாறுவது எத்தகையது என்பதை நாமும் அறிவோம். இன்று பேசப்போகும் நோய் அவ்வகையைச் சேர்ந்ததே.

கான்டிடா என்பது வெளியிலிருந்து திடீரெனப் படையெடுத்து வரும் பகையன்று. நல்ல உடல்நலம் உள்ளவர்களிலும் பலருடைய வாயிலும், குடலிலும், பெண்களின் பிறப்புறுப்பிலும் அது சிறிய அளவில் என்றும் குடியிருப்பது. உடலின் எதிர்ப்பாற்றலும், அவ்விடங்களில் உடன் வாழும் நல்ல பாக்டீரியாக்களும் அதனை அடக்கி வைத்திருக்கின்றன. அக்காவல் எங்கேனும் தளரும்போது அது பெருகி நோயாகிறது. கைக்குழந்தையின் நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த்திரள் போலப் படிந்து, துடைத்தால் சிவந்த புண் தெரிவது இதுவே. பெண்களுக்குக் கடும் அரிப்போடும் எரிச்சலோடும் தயிர் போன்ற வெள்ளைப்படுதல் உண்டாவது இதனால்தான். பெண்களில் நான்கில் மூவர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இதற்கு ஆளாகின்றனர். கடவாய் வெடிப்பு, அக்குளிலும் தொடையிடுக்கிலும் மார்பின் அடியிலும் ஈரம் தங்கிச் சிவத்தல், எந்நேரமும் தண்ணீரில் கை வைத்து வேலை செய்பவர்களின் நகக்கண் வீங்குதல் ஆகியவற்றிலும் இதற்குப் பங்குண்டு. மருத்துவமனையில் உயிருக்குப் போராடும் நோயாளிகளின் இரத்தத்தில் இது புகுவதும் உண்டு. அது வேறு வகையான பேராபத்து. அங்கே பத்தியத்திற்கு இடமில்லை.

இந்நோய் வந்தவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, “எதைத் தின்னலாகாது?” என்பதன்று, “காவல் எங்கே தளர்ந்தது?” என்பதே. இதற்கு விடைகள் பலவாயினும் பெரும்பாலும் எளியவை.

முதல் விடை நீரிழிவு. 2023-ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் கணக்கெடுப்பு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு என்று மதிப்பிட்டது. கேரளத்தில் பெரியவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அவ்வகையினர். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது உமிழ்நீரிலும் சிறுநீரிலும் அது மிகுகிறது. பூஞ்சைக்கு அது விருந்தாகிறது. தமக்கு நீரிழிவு இருப்பதையே அறியாத பலருக்கு, திரும்பத் திரும்ப வரும் அரிப்பே அந்நோயின் முதல் தூதுவனாக வருகிறது. நீரிழிவுக்கெனத் தரப்படும் புதிய மாத்திரைகளுள் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்பவை, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவன. அவை இருதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் நன்மை செய்யும் நல்ல மருந்துகளே. ஆயினும் அவற்றை உண்பவர்களில் சிலருக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், உறுப்பில் பூஞ்சை நோய் வருவதுண்டு. வந்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கூற வேண்டும்.

இரண்டாவது விடை ஆன்டிபயாட்டிக் மருந்துகள். சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி உண்ணும் பழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. அம்மருந்துகள் கெட்ட பாக்டீரியாவோடு நல்ல பாக்டீரியாவையும் அழிக்கின்றன. பூஞ்சையை அவை தொடுவதில்லை. காவற்காரர் நீங்கிய வீட்டில் பூஞ்சை பெருகுகிறது. மூன்றாவது, ஸ்டீராய்டு. ஆஸ்த்மாவுக்கு இன்ஹேலர் உறிஞ்சுவோர், உறிஞ்சியபின் வாயை நன்கு கொப்பளித்துத் துப்பாவிடில் நாவில் வெண்படலம் உண்டாகும். அரிப்புக்கென்று கடையில் விற்கும் கலவைக் களிம்புகள் பலவற்றிலும் ஸ்டீராய்டு உண்டு. அது அரிப்பை இரண்டு நாள் அடக்கி, பூஞ்சையைப் பல வாரம் வளர்க்கும். நான்காவது, இரவும் பகலும் கழற்றாத பல்செட்டு. அதனை இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி வைத்தாலே முதியோர் பலருடைய அண்ணப் புண் ஆறிவிடும். கருவுற்றிருத்தலும் ஒரு காரணம். இவற்றுள் எதுவும் இல்லாத பெரியவருக்கு வாயில் வெண்படலம் நீங்காது நின்றால், எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வது நலம். நாணத்தால் அதனைத் தள்ளிப்போடலாகாது.

எங்கள் பக்கத்துக் காற்றுக்கும் இதில் பங்குண்டு. மலையடிவாரமான வெள்ளறடைப் பகுதியில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கின்றன. இரப்பர்த் தோட்டத்திலும் வயலிலும் நனைந்த துணியோடு நெடுநேரம் வேலை செய்வோர்க்குத் தோல் மடிப்புகளில் ஈரம் தங்கும். மும்பையின் மழைக்காலத்தில் நெரிசலான இரயிலில் செல்வோர்க்கும், ஓட்டல் சமையற்கட்டில் பாத்திரம் துலக்குவோர்க்கும் இதே நிலைதான். உலர்ந்த பருத்தித் துணியும், உடல் மடிப்புகளை ஈரமின்றித் துடைத்துக்கொள்வதும் விலையில்லா மருந்துகளாகும்.

இனி, பத்தியத்திற்கு வருவோம். “உடலில் பூஞ்சை பெருகியிருப்பதால்தான் களைப்பு, தலைவலி, மறதி, வயிற்று உப்புசம், மனச்சோர்வு எல்லாம் வருகின்றன, சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் புளித்த உணவையும் அறவே தள்ளி, சில மாத்திரைகளை உண்டால் அது ஒழியும்” என்று ஒரு கொள்கை உலகெங்கும் பரவியுள்ளது. இதன் பிறப்பிடம் அமெரிக்கா. அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில் வைத்தியம் செய்த ஆரியன் டிரஸ் என்பவரும், வில்லியம் குரூக் என்ற குழந்தை வைத்தியரும் 1980-களில் நூல்கள் எழுதி இதனைப் பரப்பினர். கேட்பதற்குப் பொருத்தமாகவே இது தோன்றுகிறது. ஆனால், பொருத்தமாகத் தோன்றுவது வேறு, மெய்ப்பிக்கப்படுவது வேறு.

அதே பர்மிங்ஹாம் நகரத்துப் பல்கலைக்கழக டாக்டர்கள் இக்கொள்கையைச் சோதித்தனர். பூஞ்சையால் இத்தொல்லைகள் வந்தன என்று கருதப்பட்ட 42 பெண்களுக்கு, பூஞ்சையைக் கொல்லும் நிஸ்டாட்டின் மருந்தையும், மருந்தே இல்லாத போலி மாத்திரையையும் முறை மாற்றித் தந்தனர். இன்ன காலத்தில் இன்னதை உண்கிறோம் என்பது அப்பெண்களுக்குத் தெரியாது. 1990-இல் முடிவு வெளியாயிற்று. உறுப்பின் அரிப்பும் எரிச்சலும் மருந்தினால் மிகுதியாகக் குறைந்தன. ஆனால் களைப்பு, மனச்சோர்வு போன்றவை மருந்தாலும் போலி மாத்திரையாலும் ஒரே அளவில்தான் குறைந்தன. அப்பெண்களின் துன்பம் பொய்யன்று. அதற்குக் காரணம் பூஞ்சை என்று கொள்ள அச்சோதனை இடந்தரவில்லை என்பதே பொருள்.

இனி, விலக்கச் சொல்லும் பண்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

சர்க்கரையைத் தள்ளினால் குடலில் உள்ள பூஞ்சை பட்டினியால் மடியும் என்பர். ஜெர்மனியில் நலமுள்ள 28 பேருக்குச் சர்க்கரை மிகுந்த உணவைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1999-இல் வெளியாயிற்று. அவர்களது குடற்பூஞ்சையின் அளவில் பெரிய மாறுதல் காணப்படவில்லை. உண்ணும் சர்க்கரையில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. ஆகவே நீரிழிவு இல்லாதவர் ஒரு மாம்பழம் உண்பதால் பூஞ்சை கொழுத்துவிடுவதில்லை. நீரிழிவு உள்ளவர் செய்தி வேறு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

புளித்த பண்டம் ஆகாது என்பது அடுத்த விதி. இட்லி, தோசை, ஆப்பம், பழங்கஞ்சி, மோர் ஆகிய அனைத்தும் இதில் அடிபட்டுப் போகின்றன. இவற்றைத் தள்ளிவிட்டால் நமது அடுப்படியில் என்ன மிஞ்சும்? இவ்விதிக்கு அடிப்படை ஒரு பெயர்க் குழப்பம். இட்லி மாவைப் பொங்கச் செய்வது பெரும்பாலும் ஒரு வகை பாக்டீரியா. கள் ஊற்றிய ஆப்ப மாவிலும் ரொட்டியிலும் உள்ள ஈஸ்ட், கான்டிடாவுக்குத் தூரத்து உறவே தவிர அதுவன்று. அதுவும் சட்டியின் சூட்டில் மடிந்துபோகிறது. ஆதலின் வெந்த இட்லியைக் கண்டு பூஞ்சை நோயாளி அஞ்ச வேண்டியதில்லை.

தயிரும் மோரும் நோயைத் தீர்க்கும் என்போர் மற்றொரு பக்கம் உள்ளனர். 1992-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு வகை நல்ல பாக்டீரியா கலந்த தயிரை நாள்தோறும் உண்ட பெண்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது. ஆனால் அவ்வாய்வில் இறுதிவரை நின்றவர்கள் 13 பேர் மட்டுமே. பின்னர் 2004-இல் ஆஸ்திரேலியாவில் 235 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், ஆன்டிபயாட்டிக் உண்டபின் வரும் பூஞ்சை நோயை அத்தகைய பாக்டீரியா மருந்துகள் தடுக்கவில்லை. மோர் நல்ல உணவு, தாகம் தணிக்கும், அதனை உணவாகப் பருகுவோம். மருந்தாக எண்ணி வைத்தியத்தை ஒத்திவைக்க வேண்டாம். தயிரையோ பூண்டையோ உறுப்பினுள் வைத்துக்கொள்ளும்படி சிலர் யோசனை கூறுகின்றனர். பூண்டு அவ்விடத்து மென்தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். அதனை ஒருபோதும் செய்யலாகாது.

தேங்காய் எண்ணெயைப் பற்றிக் கேரளத்தில் இருந்துகொண்டு குறை கூறுவது எளிதன்று! அதிலுள்ள சில கொழுப்பு அமிலங்கள் ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் கான்டிடாவைக் கொல்வது உண்மை. தேங்காய் எண்ணெய் உண்ட சுண்டெலிகளின் குடலில் பூஞ்சை குறைந்ததாகவும் ஓர் ஆய்வு உண்டு. கண்ணாடித் தட்டுக்கும் மனித உடலுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. கரண்டி கரண்டியாக எண்ணெய் குடித்தால் உடல் கொழுக்கும் என்பது உறுதி. பூஞ்சை நோய் தீரும் என்பது உறுதியன்று. அந்த அமிலங்களையே குப்பிகளில் அடைத்து விற்கும் விலையுயர்ந்த மாத்திரைகளுக்கும் இச்சொல் பொருந்தும்.

காலையில் எழுந்ததும் ஒரு குவளைத் தண்ணீரில் எச்சிலைத் துப்பி, அது நூல் நூலாக இறங்கினால் உடலில் பூஞ்சை மிகுந்துள்ளது என்று கணிக்கும் ஒரு ‘பரிசோதனை’யும் நடைபெற்று வருகிறது. எச்சில் குழைந்திருந்தால் யாவருக்கும் நூல் இறங்கும். இதற்கு விஞ்ஞான அடிப்படை யாதும் இல்லை.

அப்படியானால் உணவுக்கு இந்நோயில் இடமே இல்லையா? உண்டு, உரிய இடத்தில் உண்டு. நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் உணவு முறையே சிறந்த பூஞ்சைத் தடுப்பு. எங்கள் பக்கத்தில் மரச்சீனியும் சாளை மீனும் ஏழையின் உணவு. மரச்சீனியில் மாவுச்சத்து மிகுதி. சோறும் மரச்சீனியும் ஒரே நாளில் வயிறு நிறைய உண்பதற்குப் பதிலாக, இரண்டில் ஒன்றை அளவாக எடுத்துக்கொண்டு, மீனையும் பயறையும் கீரையையும் கூட்டுவது நன்று. வடநாட்டில் வாழ்வோர் ரொட்டிக்கும் இனிப்புக்கும் இதே அளவுகோலைக் கொள்ளலாம். தேநீர்க்கடையில் நாளொன்றுக்கு ஐந்தாறு முறை பருகும் சர்க்கரைத் தேநீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அது நமது கண்ணுக்கு உணவாகவே தெரிவதில்லை.

இரும்புச்சத்துக் குறைவும் பி-12 வைட்டமின் குறைவும் நாவை வழவழப்பாக்கி எரியச் செய்யும், கடவாயை வெடிக்கச் செய்யும், களைப்பையும் தரும். இதனைப் பூஞ்சை என்று எண்ணி உணவை மேலும் மேலும் குறைத்தால், குறை மேலும் வளரும். இரத்தத்தைச் சோதித்துக் குறை இருப்பதாகக் கண்டபின் உண்ணும் மாத்திரைக்குப் பயன் உண்டு.

பத்தியம் தீங்காவதும் இவ்விடத்தில்தான். நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவரோ, சிலவகை மாத்திரை உண்பவரோ, யாரோ சொன்னார் என்று சோற்றையும் மாவையும் ஒரேயடியாகத் தள்ளினால், இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். கருவுற்றவர், பாலூட்டும் தாய், முதியோர், காசநோயிலிருந்து தேறி வருபவர் ஆகியோர் உணவைச் சுருக்கினால் நோயைத் தாங்கும் வலிமையும் சுருங்கும். அயலூரில் தனித்து வாழ்ந்து, குறைந்த கூலியில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சியதில் விலையுயர்ந்த மாத்திரைக் குப்பிகளை வாங்குவோர் இழப்பது பணம் மட்டுமன்று. உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய காலத்தையும் இழக்கின்றனர்.

மருந்தே இல்லாத நோயாயின் இப்பத்தியங்களை மன்னிக்கலாம். நல்ல மருந்துகள் உள்ளன. அவற்றுள் பல மலிவானவை. 1950-இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள், வர்ஜீனியாவில் ஒரு பண்ணையின் மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிரைக் கொண்டு நிஸ்டாட்டினைக் கண்டறிந்தனர். அவர்கள் பணிபுரிந்த நியூயார்க் மாநிலத்தின் பெயரால் அம்மருந்து பெயர் பெற்றது. நமது நாடும் பின்தங்கி நிற்கவில்லை. புனே அருகே பிம்பிரியில் உள்ள இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய திருமலாச்சார் என்னும் பூஞ்சை இயல் அறிஞர் 1960-களில் ஹாமைசின் என்ற மருந்தை வெளிக்கொணர்ந்தார். அதனைத் தரும் நுண்ணுயிர் பிம்பிரியின் பெயரையே தாங்கி நிற்கிறது. இன்று சாதாரணமாகப் பயன்படுவன, உறுப்பினுள் வைக்கும் குளோட்ரிமசோல் மாத்திரையும், வாயால் உண்ணும் ஃபுளூகோனசோலும் ஆகும். கருவுற்ற பெண்கள் ஃபுளூகோனசோலை உண்ணாமல், டாக்டர் யோசனைப்படி உள்ளே வைக்கும் மாத்திரையையே பயன்படுத்த வேண்டும். இரத்தம் உறையாதிருக்கும் மருந்து உண்போரும் முன்கூட்டியே டாக்டரிடம் கூற வேண்டும்.

ஆனால், வெள்ளைப்படுதல் எல்லாம் பூஞ்சையன்று. மீன்நாற்றம் வீசினாலும், பச்சை மஞ்சளாக நுரைத்து வந்தாலும் நோய் வேறு, மருந்தும் வேறு. அடிவயிற்று வலியோ, காய்ச்சலோ, இரத்தக் கசிவோ உடன் இருந்தால் காத்திருக்கலாகாது. ஆண்டில் மூன்று முறைக்கு மேல் நோய் திரும்பினால், ஒருமுறை மருந்து போதாது. கசிவை நுண்ணோக்கியில் பார்த்து, இரத்தச் சர்க்கரையையும் சோதித்து, பல மாதம் நீடிக்கும் முறையான வைத்தியத்தை மேற்கொள்ள வேண்டியிருக்கும்.

சொல்லத் தயங்குவோர்க்காகச் சில சொற்கள். நாம் வெள்ளைப்படுதல் என்பதை எங்கள் பக்கத்து மலையாளிகள் ‘வெள்ளபோக்கு’ என்பர். அரிப்பைச் ‘சொறிச்சில்’ என்பர். இந்தி பேசும் ஊர்களில் ‘சஃபேத் பானி’ என்றும், ‘குஜ்லி’ என்றும் கூறினால் செவிலியருக்கு விளங்கும். இந்த இரண்டு சொற்களோடு, உண்டுவரும் மாத்திரைகளின் அட்டையையும் கையில் கொண்டு சென்றால், பாதி நோய்க்குறிப்பு எழுதப்பட்டாற்போலாகும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்டோர்க்கு இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை செய்யும் திட்டம் நாடெங்கும் உண்டு. அதற்கு எந்த மாநிலத்தவர் என்ற வேறுபாடு இல்லை.

நோய்க்கு எல்லைக்கோடு தெரியாது. வைத்தியத்திற்கும் அது தெரியலாகாது. எவரெஸ்ட் சிகரத்தை அடைய 1922-லும் 1924-லும் முயன்ற குழுக்களில் இடம்பெற்ற டாக்டர் சோமர்வெல், பின்னர் நெய்யூரில் நெடுங்காலம் வைத்தியம் செய்தார். நெய்யூர் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அவர் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரி, எங்கள் வெள்ளறடைக்கு அருகே, கேரளத்துக் காரக்கோணத்தில் இருக்கிறது. இரு பக்கத்து மக்களும் அருகில் எது உண்டோ அங்கே செல்கின்றனர். அவ்வாறே நீங்களும், இருக்கும் ஊரில் அருகிலுள்ள மருத்துவமனைக்குத் தயங்காமல் செல்ல வேண்டும்.

பத்தியம் என்ற சொல்லை நாம் கைவிட வேண்டியதில்லை. தேவையற்ற ஆன்டிபயாட்டிக்கை வாங்காதிருத்தல் ஒரு பத்தியம். பல்செட்டை இரவில் கழற்றுதல் ஒரு பத்தியம். இன்ஹேலர் உறிஞ்சியபின் வாய் கொப்பளித்தல் ஒரு பத்தியம். சர்க்கரை அளவை அறிந்து அதற்கேற்ப உண்ணுதல் தலையாய பத்தியம். இவற்றைக் கடைப்பிடித்துவிட்டு, இட்லியையும் ஆப்பத்தையும் மோரையும் அச்சமின்றி உண்ணலாம்.